குறைந்த விலை இயர்பட்ஸ்: காதிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

சென்ற மாதம் என் அத்தை மகன் மூன்று இயர்பட்ஸ்களின் படங்களை அனுப்பி, "அண்ணா, இதில் எதை வாங்கட்டும்?" என்று கேட்டிருந்தான். மூன்றும் 2,000 ரூபாய்க்குள். ஒன்றின் அட்டைப்பெட்டியில் '50 மணி நேரம்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. இன்னொன்றில் '13 மி.மீ. டிரைவர்', அதாவது உள்ளே ஒலியை உண்டாக்கும் சிறு ஒலிபெருக்கியின் அளவு. மூன்றாவதில் 'நான்கு மைக்'. நான் ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்டேன்: "எங்கே, எவ்வளவு நேரம் மாட்டிக்கொள்ளப் போகிறாய்?" தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்குகிறவன் அவன். அலுவலகத்தில் நாளுக்கு நான்கைந்து முறை வாடிக்கையாளர்களிடம் பேச வேண்டும். மாலையில் வியர்க்க வியர்க்க நடப்பான். இந்தப் பதில் வந்ததும் மூன்றில் இரண்டு தாமாகவே விலகிவிட்டன.

1,000 முதல் 2,500 ரூபாய் வரையிலான விலையில் பாட்டு ஒலிக்கும் தரத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை என்பது என் அனுபவம். உண்மையான வேறுபாடு மூன்று இடங்களில் இருக்கிறது: காதில் எப்படி உட்காருகிறது, எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் குரல் எப்படிக் கேட்கிறது, பழுதானால் யார் பொறுப்பேற்கிறார்கள். இந்த மூன்றைப் பற்றி அட்டைப்பெட்டி அதிகம் பேசாது. அதனால் அட்டைப்பெட்டியை மூன்றாவது படிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

முதல் படி: உங்கள் ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை மணி நேரம் பயணம், எத்தனை மணி நேரம் பேச்சு, எத்தனை மணி நேரம் பாட்டு அல்லது காணொளி, எந்த இடத்தில், எவ்வளவு இரைச்சலில். பஸ்ஸிலும் ரயிலிலும் அதிக நேரம் இருப்பவருக்கு வெளிச்சத்தத்தை அடைக்கும் கருவி வேண்டும். நாள் முழுக்க அழைப்புகளில் இருப்பவருக்கு மைக்தான் முதலில். படுக்கையில் சாய்ந்தபடி கேட்பவருக்கு, வெளியே நீட்டிக்கொண்டிருக்காத சிறிய வடிவம்.

என் அம்மாவுக்கு நான் முதலில் வாங்கிக் கொடுத்தது காதை முழுவதும் அடைக்கும் வகை. சமையல் செய்துகொண்டே பிரவசனம் கேட்பது அவர் வழக்கம். இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார். குக்கர் விசிலும் வாசல் மணியும் கேட்கவில்லையாம். பொருளில் ஒரு குறையும் இல்லை. அவருடைய நாளுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். ரப்பர் முனை இல்லாமல் காது மடலில் மேலாக உட்காரும் வகையை வாங்கிக் கொடுத்தபோது மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டார்.

இன்னொன்றையும் இங்கேயே யோசித்துவிடுங்கள். சிலருக்கு இயர்பட்ஸே தேவையில்லை. அடிக்கடி பொருளைத் தொலைப்பவர்களுக்கும், சார்ஜ் போட மறப்பவர்களுக்கும் கழுத்தில் தொங்கும் நெக்பேண்ட் மிக நல்லது. பேட்டரி பெரியது, காதிலிருந்து நழுவினாலும் கழுத்தில் நிற்கும், விலையும் குறைவு. மேசை முன் உட்கார்ந்து பாடம் படிக்கும் மாணவருக்குச் சில நூறு ரூபாய் வயர் இயர்போன் தரும் தெளிவை, 1,000 ரூபாய் இயர்பட்ஸ் பல நேரம் தருவதில்லை. இரு சக்கர வாகனம் ஓட்டும்போது போட்டுக்கொள்ள வேண்டும் என்று யாராவது கேட்டால், எதையுமே பரிந்துரைக்க மாட்டேன். பின்னால் வரும் லாரியின் ஹாரன் கேட்க வேண்டிய காது அது.

இரண்டாம் படி: காதின் அளவு

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. பலரும் தாண்டிப் போகும் படியும் இதுதான்.

இயர்பட்ஸில் பொதுவாக இரண்டு வகை. ஒன்று, சிலிகான் ரப்பர் முனையோடு காதுத் துளைக்குள் செருகும் வகை. மற்றொன்று, ரப்பர் இல்லாமல் காதின் வாயிலில் நிற்கும் வகை. முதல் வகை வெளிச்சத்தத்தை அடைக்கும். 'பாஸ்' எனும் தாழ்ந்த ஒலியை நன்றாகக் கொடுக்கும். இரண்டாவது வகையில் காற்றோட்டம் உண்டு, காது அடைத்தாற்போன்ற உணர்வு இல்லை, சுற்றியிருப்பதும் கேட்கும். ஆனால் பஸ்ஸில் எஞ்சின் சத்தத்துக்கு மேல் பாட்டைக் கேட்க ஒலியைக் கூட்ட வேண்டியிருக்கும்.

செருகும் வகை வாங்கினால் சிறியது, நடுத்தரம், பெரியது என்று பெரும்பாலும் மூன்று ஜோடி ரப்பர் வரும். நடுத்தரம் ஏற்கெனவே மாட்டப்பட்டிருக்கும். பெரும்பாலோர் மற்ற இரண்டையும் உறையிலிருந்து எடுப்பதே இல்லை. தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். காதுத் துளை ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளின் இடக் காதும் வலக் காதும்கூட ஒன்றாக இருப்பதில்லை. எனக்கு இடப்பக்கம் சிறியது, வலப்பக்கம் நடுத்தரம். இதைக் கண்டுபிடிக்கும்வரை, இடது பக்கம் எப்போதும் சத்தம் குறைவாகக் கேட்கிறது, கருவியில்தான் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

காரணம் எளிது. தாழ்ந்த ஒலிகள் சிறு இடைவெளி கிடைத்தாலும் வெளியே கசிந்துவிடும். ரப்பர் சரியாக அடைக்கவில்லை என்றால் பாட்டின் அடிப்பகுதி காணாமல் போய், மேலே இருக்கும் கீச்சொலி மட்டும் மிஞ்சும். 'பாஸ் இல்லை' என்று திருப்பி அனுப்பப்படும் இயர்பட்ஸ்களில் பல, ரப்பர் மாற்றாமல் திருப்பி அனுப்பப்பட்டவை என்றே நான் நம்புகிறேன்.

இதைச் சோதிக்க என் வழி மிருதங்கத் தனி ஆவர்த்தனம். தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்தில் கும்கி என்ற அதிரும் அடி விழும்போது அந்த ஒலி வயிற்றில் இறங்குவதுபோல் முழுதாகக் கேட்கிறதா, அல்லது அட்டையைத் தட்டுவதுபோல் கேட்கிறதா என்று பாருங்கள். அட்டைபோல் கேட்டால் ஓர் அளவு பெரிய ரப்பரை மாட்டிக் கேளுங்கள். பிறகு வாயைத் திறந்து மூடுங்கள், எதையாவது மெல்லுங்கள், தலையை ஆட்டுங்கள். தாடை அசையும்போது நழுவினால் அளவோ வடிவமோ சரியில்லை. இருபது நிமிடம் கழித்துக் காது மடலில் ஓர் இடத்தில் மட்டும் வலித்தால், அந்த வடிவம் உங்களுக்கு ஆகாது. பழகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

மூன்றாம் படி: அட்டைப்பெட்டியைப் படிக்கும் முறை

இப்போது எண்களுக்கு வரலாம். முதலில் ஏ.என்.சி., ஈ.என்.சி. என்ற இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து வேறுபாடு, ஆனால் வேலை முற்றிலும் வேறு. ஏ.என்.சி. உங்கள் காதுக்காக. வெளிச்சத்தத்தை மைக்கால் கேட்டு, அதற்கு நேரெதிரான ஒலி அலையை உண்டாக்கி அதைத் தணிக்கும். ஈ.என்.சி. எதிர்முனையில் இருப்பவரின் காதுக்காக. நீங்கள் பேசும்போது சுற்றுப்புற இரைச்சலைக் குறைத்து உங்கள் குரலை அனுப்பும். என் தங்கை ஈ.என்.சி. என்று போட்டிருந்ததைப் பார்த்து, ரயில் சத்தம் குறையும் என்று நம்பி வாங்கினாள். முதல் நாள் பயணத்திலேயே ஏமாந்தாள். ஏதாவது ஒரு தணிப்பு வசதி எழுதியிருந்தால், அது கேட்பதற்கா பேசுவதற்கா என்று கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

ஏ.என்.சி. இருந்தாலும் அது எல்லாவற்றையும் அமைதியாக்காது. ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலியில்தான் அது வல்லது: பஸ் எஞ்சின், மின்விசிறி, ஏ.சி. பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சும், குழந்தையின் அழுகையும், ஹாரனும் உள்ளே வரும். '30 டெசிபெல் வரை' என்று அச்சிட்டிருந்தால், 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். சில அலைவரிசைகளில் எட்டும் உச்ச அளவு அது. ரப்பர் நன்றாகப் பொருந்தாத காதில் ஏ.என்.சி.யும் சரியாக வேலை செய்யாது. ஆகவே குறைந்த பணம் இருக்கும்போது, மோசமாகப் பொருந்தும் ஏ.என்.சி. கருவியைவிட நன்றாகப் பொருந்தும் சாதாரணக் கருவியையே நான் எடுப்பேன்.

அடுத்து மணி நேரக் கணக்கு. பெரிதாக அச்சிட்டிருப்பது, கருவியோடு வரும் சார்ஜ் டப்பாவில் வைத்து மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றினால் கிடைக்கும் மொத்த நேரம். உதாரணமாக போட் நிறுவனத்தின் ஏர்டோப்ஸ் 141-இன் விளம்பரம் சொல்வது 42 மணி நேரம். ஒருமுறை சார்ஜில் காதில் நிற்பது சுமார் 6 மணி நேரம். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது எண்தான். அதுவும் நடுத்தர ஒலியில், ஏ.என்.சி. இல்லாமல் அளந்த எண்ணாகவே பெரும்பாலும் இருக்கும். அழைப்பில் பேசினால் இன்னும் வேகமாகத் தீரும். காதுக் கருவிக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரி மிகச் சிறியது. பயன்படுத்தப் பயன்படுத்த அதன் கொள்ளளவு குறையும், சாதாரணமாக அதை மாற்றவும் முடியாது. எனவே தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் தேவைப்படுகிறவர் ஆறு மணி நேரம் என்று போட்டிருப்பதை வாங்கட்டும். இரண்டாம் ஆண்டிலும் அது கைகொடுக்கும்.

டிரைவர் மில்லிமீட்டரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். 13 மி.மீ. டிரைவர் 10 மி.மீ.யைவிட நன்றாக ஒலிக்கும் என்ற உறுதி எதுவும் இல்லை. கூடு வடிவமும், ஒலியை எப்படிச் சீர்படுத்தியிருக்கிறார்கள் என்பதும்தான் தீர்மானிக்கின்றன. புளூடூத் பதிப்பும் அப்படியே. 5.3-க்கும் 5.4-க்கும் ஒலித் தரத்தில் வேறுபாடு தெரியாது, 5.0-க்கு மேல் இருந்தால் போதும்.

கோடெக் என்பது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை. எஸ்.பி.சி. எல்லாப் புளூடூத் இயர்பட்ஸிலும் இருக்கும். ஐபோன் வைத்திருப்பவர் ஏ.ஏ.சி. இருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் ஐபோன் அதைத்தான் பயன்படுத்துகிறது. சோனி நிறுவனத்தின் எல்.டி.ஏ.சி. உச்சத்தில் நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பக்கூடியது. எண்ணைப் பார்த்தால் பெரிதாகத் தெரியும். ஓடும் ரயிலில் இணையப் பாட்டு கேட்பவருக்கு அதற்காக 500 ரூபாய் அதிகம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து.

தண்ணீர்த் தடுப்புக் குறியீடு மட்டும் நம்பிக்கையோடு ஒப்பிடக்கூடிய எண், ஏனெனில் அதற்கு உலகத் தரம் உண்டு. ஐ.பி.எக்ஸ்.4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். வியர்வைக்கு இது போதும். ஐ.பி.எக்ஸ்.5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 'எக்ஸ்' இருக்கும் இடத்தில் ஐ.பி.55 போல எண் இருந்தால் தூசிக்கும் சோதித்திருக்கிறார்கள். இந்தக் குறியீடு பெரும்பாலும் காதுக் கருவிக்கு மட்டும்தான், டப்பாவுக்கு இல்லை. வியர்வையோடு கழற்றிய கருவியைத் துடைக்காமல் டப்பாவில் வைத்தால் உள்ளே இருக்கும் சார்ஜ் முனைகள் அரித்துப்போகும். எங்கள் நடைப்பயிற்சிக் குழுவில் இருவருடைய இயர்பட்ஸ் இப்படித்தான் ஒரு பக்கம் சார்ஜ் ஏறாமல் போயின.

நான்காம் படி: அழைப்பில் உங்கள் குரல்

பாட்டுக்கு நன்றாக இருக்கும் கருவி பேச்சுக்கு நன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். மைக் உங்கள் வாயிலிருந்து விலகிக் காதில் இருக்கிறது. அதனால் தண்டுபோல் கீழே நீளும் வடிவத்துக்கு ஒரு சிறு நன்மை உண்டு. மைக் வாய்ப்பக்கம் சற்று நெருங்குகிறது. உருண்டையான வடிவம் பார்க்க அழகு, பேச்சில் பொதுவாகச் சற்றுப் பின்தங்கும். மைக்குகளின் எண்ணிக்கையைவிட, அவற்றிலிருந்து வரும் ஒலியைக் கருவி எப்படிக் கையாள்கிறது என்பதுதான் முக்கியம்.

பலரைக் குழப்பும் ஒரு விஷயம்: பாட்டு கேட்கும்போது தெளிவாக இருந்த ஒலி, அழைப்பு வந்ததும் பழைய வானொலிபோல் மங்கிவிடும். இது பழுதல்ல. வழக்கமான புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறு வழி. மைக் இயங்கத் தொடங்கியதும் ஒலி குறுகிய பேச்சு வழிக்கு மாறுகிறது. மடிக்கணினியில் கூட்டம் நடத்துபவர்களுக்கு இது இன்னும் அதிகமாக உறைக்கும். அவர்களுக்கு நான் சொல்லும் வழி, கணினியின் மைக்கில் பேசிவிட்டு இயர்பட்ஸில் கேட்பதுமட்டும். ஒலி உடனே தெளிந்துவிடும்.

கணினியும் தொலைபேசியும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்கள், ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணையும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு காதுக் கருவி தனியாக இயங்குமா என்றும் பாருங்கள். நீண்ட அழைப்புகளில் ஒன்று காதில், மற்றது சார்ஜில் என்று மாற்றிக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: பணம் எங்கே போகிறது

1,000 ரூபாய்க்குக் கீழே பாட்டு கேட்கலாம், வீட்டுக்குள் பேசலாம். தெருவில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர் தவிப்பார். 1,500 ரூபாய் அளவில் பொருத்தமும் பேட்டரியும் நம்பகமாகின்றன. பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடலாம். 2,000 முதல் 2,500 வரை பயன்படும் அளவுக்கு ஏ.என்.சி. கிடைக்கத் தொடங்குகிறது. 2024-இல் வந்த சி.எம்.எஃப். பட்ஸின் அறிமுக விலை 2,499 ரூபாய், அதில் ஏ.என்.சி. உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு 2,199 ரூபாய்க்கு வந்த ஒன்பிளஸ் நார்ட் பட்ஸ் 2ஆர்-இல் அது இல்லை, ஐ.பி.55 தடுப்பும் ஒருமுறை சார்ஜில் நீண்ட நேரமும் அதன் பலம். ரயிலில் போகிறவருக்கு முதலாவது, வியர்வையோடு நடக்கிறவருக்கு இரண்டாவது என்பதுபோல் யோசியுங்கள். மாடல்கள் மாறும், யோசிக்கும் முறை மாறாது. பண்டிகைக்கால விற்பனையில் விலை இறங்குவது வழக்கம், அவசரம் இல்லையென்றால் காத்திருங்கள்.

விளையாட்டுப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. காணொளிச் செயலிகள் ஒலியின் தாமதத்துக்கு ஏற்பப் படத்தைத் தாமதித்துச் சரிசெய்துகொள்ளும். விளையாட்டுகளில் அது முடியாது. துப்பாக்கிச் சூட்டைப் பார்த்த பிறகு சத்தம் கேட்டால் எரிச்சலாகத்தான் இருக்கும். விளையாட்டுக்கென்று தனி முறை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வயர் இதைவிடச் சிறந்தது.

ஆறாம் படி: வாங்கும் இடம்

சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ வாங்கினால், அட்டைப்பெட்டியில் இறக்குமதியாளர் அல்லது தயாரிப்பாளரின் முகவரி, அதிகபட்ச விலை, நுகர்வோர் சேவை எண் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இருக்க வேண்டும் என்பது சட்டம். வயர்லெஸ் இயர்போன்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவின்கீழ் வருபவை. 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். பெரிய நிறுவனத்தின் பெயரும் தோற்றமும் கொண்டு 600 ரூபாய்க்கு வருபவை பெரும்பாலும் போலிகள். காதுக்குள் வைக்கும் பேட்டரிப் பொருளில் அந்த அபாயம் தேவையில்லை.

வாங்கும் முன் மூன்று கேள்விகள்: திருப்பிக் கொடுக்க எத்தனை நாள், பணம் திரும்புமா அல்லது மாற்றுப் பொருள்தானா, உங்கள் ஊரில் சேவை மையம் எங்கே. காதில் வைத்துப் பார்த்த பொருளைச் சுகாதாரக் காரணம் சொல்லித் திரும்பப் பெற மறுப்பவர்கள் உண்டு. அதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இணையத்தில் வாங்கினால் உறை பிரிப்பதைக் காணொளி எடுத்து வையுங்கள். உத்தரவாதத்தை மதிக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஏழாம் படி: திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள் சோதனை

இந்த நாட்களை வீணாக்காதீர்கள். முதல் நாள் ரப்பர் மூன்றையும் மாற்றிப் பாருங்கள். இரண்டாம் நாள் உங்கள் வழக்கமான பஸ் நிறுத்தத்தில் நின்று நெருங்கியவர் ஒருவரை அழைத்து, "என் குரல் எப்படி இருக்கிறது, ஒளிக்காமல் சொல்" என்று கேளுங்கள். அதே இடத்தில் தொலைபேசியின் சொந்த மைக்கிலும் பேசி ஒப்பிடச் சொல்லுங்கள். தொலைபேசியை இடப்பக்கப் பையில் ஒருமுறை, வலப்பக்கப் பையில் ஒருமுறை வைத்து நெரிசலான இடத்தில் நடந்து, ஒலி விட்டுவிட்டு வருகிறதா என்று கவனியுங்கள். ஒருமுறையாவது முழு சார்ஜிலிருந்து தீரும்வரை தொடர்ந்து கேளுங்கள். இடமும் வலமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தீர வேண்டும். ஒரு பக்கம் ஒரு மணி நேரம் முன்னதாகவே அணைந்தால் உடனே மாற்றுங்கள், அந்தக் குறை நாளாக நாளாக வளரும்.

எட்டாம் படி: காதையும் கருவியையும் காப்பது

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபெல் ஆனால் அது வெறும் 4 மணி நேரமாகக் குறைந்துவிடும். பஸ் சத்தத்தை வெல்ல ஒலியைக் கூட்டிக் கூட்டிக் கேட்பவர் இந்த எல்லையை அறியாமலே தாண்டுகிறார். நன்றாக அடைக்கும் ரப்பர் இருந்தால் கூட்டவே தேவையிருக்காது. பொருத்தத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இதுவும் காரணம். இழந்த கேட்கும் திறனை எந்த மருந்தும் திருப்பித் தராது.

நம் ஊர்ப் புழுக்கத்தில் காதை மணிக்கணக்காக அடைத்து வைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சைத் தொற்று வரலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிக் காற்றோட்டம் விடுங்கள். குளித்த ஈரக் காதில் மாட்டாதீர்கள், பிறரோடு பகிராதீர்கள். அரிப்போ வலியோ வந்தால் நிறுத்திவிட்டுக் காது மருத்துவரிடம் போங்கள்.

வாரம் ஒருமுறை ரப்பர் முனைகளைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி, முழுதாக உலர்ந்த பின் மாட்டுங்கள். வலைப்பகுதியை உலர்ந்த மென்மையான பல் துலக்கியால், துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் தட்டித் துடையுங்கள். ஊசியால் குத்தக் கூடாது. ஒரு பக்கம் சத்தம் குறைந்துவிட்டது என்று புதிது வாங்கக் கிளம்பிய என் மாமாவின் இயர்பட்ஸ் இந்த ஒரு துலக்கலில் சரியாகிவிட்டது. வலையை அடைத்திருந்தது காதுக் குறும்பி. பேட்டரி முழுதாக ஓய்ந்த பிறகும் அதைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடும். மின்னணுக் கழிவு பெறும் இடத்திலோ, அவற்றை வாங்கிக்கொள்ளும் கடையிலோ சேர்த்துவிடுங்கள்.